ஜீப் வாடகைக்கு பில் கிடையாது

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது குரங்கணி பஸ்ஸில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நாங்கள் கருவி மாட்டியிருந்த தோட்டத்து வாட்ச்மேன். "தம்பி, அந்த டப்பா இன்னும் வேலை செய்யுதா?" என்றார். செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார். ஙே என்று விழித்துவிட்டு, "பார்க்கணும்ணே" என்று சமாளித்தேன். முந்தலில் ஆள் இறங்கி சீட் காலியானதும் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த டப்பாவின் கதையைச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது புரியும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் தீ. கொழுக்குமலைப் பக்கம் நடைப்பயணம் போய்த் திரும்பியவர்கள் காய்ந்த புல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். எனக்கு அப்போது ப்ளஸ் ஒன் பரீட்சை. போடியில் எங்கள் தெரு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலைமேல் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஊர்க்காரர்களும் தோட்டத்து ஆட்களும் டோலி கட்டித் தூக்கிவந்தார்கள் என்று மறுநாள் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கோடு மட்டும் மனசில் தங்கிவிட்டது.

பி.இ. கடைசி வருஷம் ப்ராஜெக்ட் என்றதும் நாலு பேரும் யோசிக்கவே இல்லை. தீ வந்தால் கீழே சொல்லும் கருவி. சாட்டிலைட் ஏற்கெனவே இதைச் செய்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் சாட்டிலைட் படம் பார்த்து வனத்துறைக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. ஆனால் சாட்டிலைட் ஒரே இடத்தில் நின்று பார்ப்பதில்லை. நாளுக்குச் சில முறை கடந்து போகிறது. அதன் கண்ணுக்கு ஒரு புள்ளி என்பது, நன்றாகப் பார்க்கும் வகையிலேயே, 375 மீட்டர். இரண்டு முறை கடப்பதற்கு நடுவில் மத்தியானக் காற்றில் ஏறும் தீயை அது எப்படிப் பிடிக்கும்? தரையிலும் ஒரு மூக்கு வேண்டும்.

அந்த மூக்கைச் செய்வது கஷ்டமில்லை. புகை உணரும் சென்சார், வெப்பம், ஈரப்பதம், குறைந்த மின்சாரத்தில் தூரம் பேசும் லோரா ரேடியோ. அதற்கு லைசென்ஸ் கேட்காத 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை நம் நாட்டில் உண்டு. கல்லூரி மைதானத்தில் எல்லாம் அமர்க்களமாக ஓடியது. சமவெளியில் நாலைந்து கிலோமீட்டர் பேசிய ரேடியோ, குரங்கணிக்கு மேலே ஒரு மடிப்பு தாண்டியதும் கப்சிப். மலை குறுக்கே நின்றால் ரேடியோ என்ன செய்யும்? புகை சென்சாருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பி பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. சோலார் வைத்தோம். காப்பித் தோட்டத்து நிழலில் சோலார் பாதி நாள் தூங்கியது. இதெல்லாம் ஐந்தாறு தடவை மேலே ஏறியபின் தெரிந்துகொண்டவை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்னைக் கேட்டால் அந்த ப்ராஜெக்டில் ஆராய்ச்சி என்று சொல்லத் தகுந்தது அது மட்டும்தான்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு இடத்தில் நிதி கேட்டு எழுதிப் போட்டோம். (எந்த இடம் என்பது வேண்டாம், எல்லா இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.) எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள். நாலு பேரும் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம். பிறகுதான் விதிமுறையைப் படித்தோம். சென்சார் வாங்கலாம், பில் வேண்டும். அறிக்கை பைண்டிங் செய்யலாம், பில் வேண்டும். ஜீப் வாடகை? பஸ் போகாத இடத்துக்கு மேலே ஏற்றிவிடும் ஜீப்காரர் பில் புத்தகம் வைத்திருப்பாரா? எங்கள் செலவில் பாதிக்கு மேல் ஜீப்புக்குத்தான் போனது. அது எங்கள் அப்பாக்களின் சட்டைப் பையிலிருந்து போனது.

இன்னொன்று, சிம் கார்டு. மேலே நாலு டப்பா பேசுவதைத் தோட்டத்து வீட்டில் ஒரு பெட்டி கேட்டு, செல்போன் வழியாகக் கீழே சொல்ல வேண்டும். அதற்கு 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ். படிவத்தில் ரீசார்ஜுக்குக் கட்டமே கிடையாது. கருவி என்பது வாங்கி வைத்தால் தானே ஓடும் பொருள் என்று நினைத்துப் போட்ட படிவம் அது.

பணம் எப்போது வந்தது தெரியுமா? 2023 மே மாதம் வைவா முடிந்தது. மீட்டர்கேஜை அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் நின்றுபோன எங்கள் ஊர் ரயில், பன்னிரண்டரை வருஷம் கழித்து ஜூன் 15-ம் தேதி திரும்பி வந்தது. ஊரே ஸ்டேஷனில் கூடியிருந்தது. எங்கள் எட்டாயிரம் அதற்கும் பிறகு, ஆகஸ்டில் வந்தது. போடி ரயிலையே ஜெயித்த தாமதம் :-)

அதற்குள் ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் சென்னை, ஒருத்தி பேங்க் பரீட்சை. நான் எம்.இ. ஜூனியர் பசங்களிடம் "எடுத்து நடத்துங்கடா" என்று கெஞ்சினோம். அவர்களுக்கு ஆசைதான். ஆனால் "இது போன வருஷமே செஞ்சாச்சே, புதுமை எங்கே?" என்று விண்ணப்பம் கல்லூரிக்குள்ளேயே நின்றுவிட்டது. யாரைக் குற்றம் சொல்ல? படிவத்தின் மூன்றாவது கேள்வியே அதுதான். இந்த ப்ராஜெக்டின் புதுமை என்ன?

ரீசார்ஜ் ஜூலையிலேயே முடிந்துவிட்டது. மழைக்காலத்தில் பேட்டரிகளும் போயின. அடுத்த கோடையில் அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் புல்லில் தீ பிடித்தது. வாட்ச்மேனும் வேலைக்கு வந்த பெண்களும் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தே அணைத்தார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டப்பா மரத்தில் தொங்கிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பஸ்ஸில் கேட்டது அதைத்தான்.

சரி, சொந்தப் புலம்பல் போதும்.

எங்கள் ஊரில் ஆராய்ச்சி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான், பொட்டிப்புரம் நியூட்ரினோ. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. போடி மேற்கு மலையைக் குடைந்து உள்ளே ஆய்வகம். அப்புறம் வழக்கு, தீர்ப்பாயம், போராட்டம். 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. அந்தத் திட்டம் சரியா தப்பா என்பது வேறு சண்டை, இங்கே ஆரம்பித்தால் முடியாது. ஆனால் நாங்கள் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு மலையேறியபோது முதலில் கேட்ட கேள்வி "நியூட்ரினோக்காரங்களா?" என்பதுதான். இல்லை என்று நம்பவைக்க அரை மணி நேரம், ரெண்டு டீ. ஒரு பக்கம் 1,500 கோடி, இன்னொரு பக்கம் எட்டாயிரம். நடுவில் ஒன்றுமே இல்லை. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று, ஒரு ஊர்ப் பிரச்சினையை மூன்று வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுக்கு ஒரு தொகை. அதைக் கேட்க எங்களைப் போன்ற கல்லூரிக்கு ஒரு கதவு நான் தேடியவரை கண்ணில் படவில்லை.

மாணவர் ப்ராஜெக்டுக்குப் பணம் கொடுப்பது புதுசில்லை. கர்நாடகத்தில் 1977-லிருந்து மாநில அறிவியல் மன்றம் கொடுக்கிறது. நம் மாநிலத்தில் 1984-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்துக்கும் இப்படி ஒரு திட்டம் உண்டு, ஒரு ப்ராஜெக்டுக்குச் சில ஆயிரம். நல்ல காரியம்தான். (எங்களுக்குத் தாமதமாகக் கொடுத்தது இவர்கள் இல்லை, வேறு இடம்.) டெல்லியில் 2023-ல் தனிச்சட்டமே போட்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்தது. ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி என்று அறிவிப்பு, அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்று கணக்கு. நாடு மொத்தமும் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் என்பது 2020-21 கணக்கு. இதை எல்லாத் தலையங்கத்திலும் படித்திருப்பீர்கள். நான் கேட்பது அந்த சதவீதத்தை ஏற்றச் சொல்லி அல்ல. இருக்கும் எட்டாயிரமே ஒரே ஊருக்கு மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் வந்திருந்தால் அந்த டப்பா இன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

இது பெரிய இடத்துக்கும் நடந்திருக்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் மேலூர். 2001 வாக்கில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து கிராமம் கிராமமாக இன்டர்நெட் மையம் திறந்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் கூட இருந்தன. கிராமத்தில் உட்கார்ந்தபடி கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் சில வருஷத்திலேயே பெரும்பாலான மையங்கள் மூடிவிட்டன. பிற்பாடு வந்த ஆய்வைப் படித்தால், நீண்ட நாளைக்கு வருமானமும் கைகொடுக்கும் ஆளும் இல்லாமல் போனதுதான் முக்கியக் காரணமாகத் தெரிகிறது. எங்கள் ரீசார்ஜ் கதையேதான், அளவு மட்டும் பெரிசு.

இதற்கு நேர் எதிரான ஒன்று போடியிலேயே இருக்கிறது. ஏலக்காய் ஏலம். முன்பெல்லாம் வாயால் விலை கேட்ட ஏலம், 2007 முதல் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் கம்ப்யூட்டருக்கு மாறியது. வியாபாரி முன்னால் சாம்பிள் காய், ஒரு ஸ்கிரீன். பட்டனைத் தட்டினால் விலை ஏறும். 2021-ல் போடியையும் கேரளத்தில் இருக்கும் புற்றடியையும் இணைத்து, இங்கே உட்கார்ந்து அங்கே விலை கேட்கலாம் என்று ஆக்கினார்கள். இதில் பெரிய கம்ப்யூட்டர் சயின்ஸ் புதுமை ஒன்றுமில்லை. எந்த நிதிக் குழுவிடம் கொண்டுபோயிருந்தாலும் மூன்றாவது கேள்வியில் ஃபெயில். ஆனால் மலையில் காய் எடுக்கும் பெண்ணின் கூலியிலிருந்து தோட்டக்காரரின் கடன் வரை அந்த ஸ்கிரீனில் ஓடும் எண்ணைப் பொறுத்துத்தான். அதனால் யாரோ ஒருவர் வருஷா வருஷம் அதற்குப் பணம் கட்டுகிறார். யுபிஎஸ் போனால் மாற்றுகிறார். நின்றால் ஓடிவந்து பார்க்கிறார். அவ்வளவுதான் ரகசியம்.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். பில் கேட்காமல் கொடுத்தால் பசங்க தின்றுவிடுவார்கள். பழைய ப்ராஜெக்டை அனுமதித்தால் சீனியரின் அறிக்கையில் பேரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். நியாயமான பயம். ஆனால் இப்போது மட்டும் என்ன நடக்கிறது? மதுரையிலும் சென்னையிலும் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருப்பது எந்த ஹெச்.ஓ.டி.க்குத் தெரியாது? காசு கொடுத்தால் கோட், அறிக்கை, செய்து முடித்த கருவி எல்லாம் கிடைக்கும். பில்லும் சுத்தமாகக் கிடைக்கும். தலைப்பும் ஒவ்வொரு வருஷமும் புத்தம் புதுசு. ஆக, படிவம் கேட்கும் இரண்டையும் குறையில்லாமல் கொடுக்கக்கூடியவன் சென்டர்காரன். ஜீப்பில் போய்வந்தவனிடம்தான் பில் இல்லை. ஏமாற்றுகிறவனை வடிகட்ட வேண்டுமா? வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது அந்த இடத்துக்கு வந்து, வாட்ச்மேனிடம் "டப்பா வேலை செய்யுதா?" என்று கேட்டால் போதும். ஒரே கேள்வி.

குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறக்க ரோப்வே போட்டார்கள். அதன் நடு நிலையம் அது. 1924 வெள்ளத்தில் மூணாறு பக்கத்து ரயில் அடித்துக்கொண்டு போனது, ரோப்வேயும் பிற்பாடு காணாமல் போய்விட்டது, பேர் மட்டும் நிற்கிறது. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து எங்கள் மரத்துக்கு "டப்பா மரம்" என்று பேர் வந்தாலும் ஆச்சரியமில்லை.

அப்படி விட மனசில்லை. பஸ்ஸில் அவர் கேட்ட அன்று ராத்திரியே பழைய கூட்டாளிகளுக்கு போன் போட்டேன். நாலு பேரும் சேர்ந்து ஆறாயிரத்து ஐந்நூறு தேற்றியிருக்கிறோம். இரண்டு ஜூனியர்கள் வர சம்மதித்திருக்கிறார்கள். தலைப்பை மாற்றி, புகை சென்சாரைத் தேவைப்படும்போது மட்டும் சூடேற்றுகிற முறை என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை, பேட்டரியைக் காப்பாற்ற அதைத்தான் செய்யவும் வேண்டும். மாசி பிறந்தால் புல் காய ஆரம்பித்துவிடும், அதற்குள் மாட்டியாக வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்கு போடியிலிருந்து ஜீப். இரண்டு சீட் காலி இருக்கிறது, சால்டரிங் தெரிந்தவர்கள் வரலாம்.