நிரலிற் பிழையை ஒப்புக்கொள்ளல்

நிரலெழுதப் பயிலும் நம் மாணவர் பலர்க்கு ரஸ்ட் என்னும் மொழியின்மீது ஒரு மனத்தாங்கல் உண்டு. பிற மொழிகளில் ஒரே வரியில் முடியும் வேலைக்கு இது நான்கு வரி கேட்கின்றதென்பதே அது. அம்மனத்தாங்கல் நியாயமன்றென்பது எமது துணிபு.

ஒரு கோப்பைத் திறக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். கோப்பு அங்கே இல்லாதிருக்கலாம். அன்றிப் படிக்கும் உரிமை நமக்கு இல்லாதிருக்கலாம். அந்நிலையில் சி மொழியில் வெற்றுச் சுட்டியொன்று திரும்பி வரும்; அதனைச் சோதியாது மேற்செல்வாரைத் தடுப்பாரில்லை. பைத்தானிலோ பிழை மேலெழுந்து, பிடிப்பாரில்லாவிடின் நிரலையே நிறுத்திவிடும். அவ்வாறு நேரக்கூடுமென்பதைச் செயற்கூற்றின் தலைப்புவரி உரைப்பதில்லை. 2015-இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ரஸ்டில், விடை 'ரிசல்ட்' என்னும் டைப்பில் வருகின்றது. அதனை மூடிய பேழையென்னலாம். உள்ளிருப்பது 'ஓகே'யாயின் கோப்பு; 'எர்' ஆயின் பிழை. இரண்டில் எதுவெனப் பாராமல் கோப்பைக் கையாள முயன்றால் கம்பைலர் அந்நிரலை ஏற்காது. பிழையை நம்மை அழைத்த செயற்கூற்றிற்கே அனுப்பிவிட எண்ணினும், வரியின் இறுதியில் ஒரு வினாக்குறியை இட்டு, நமது தலைப்புவரியிலும் அதனை அறிவித்தல் வேண்டும்.

இத்துணைக் கண்டிப்பு எதற்கென்பார், 1996 ஜூன் 4-இல் புறப்பட்டு ஒரு நிமிடமும் ஆகுமுன் சிதறிய ஏரியன் 5 ராக்கெட்டை நினைக்க. 64 பிட் எண்ணொன்றை 16 பிட் முழுவெண்ணாக மாற்றுகையில் அஃது அடங்காது போயிற்று. அத்தகைய ஏழு மாறிகளுள் நான்கிற்குக் காப்பிருந்தது. மூன்றை அறிந்தே விட்டிருந்தனர். நிரல் எழுதப்பட்ட ஏடா மொழியோ டைப் விஷயத்தில் மிகக் கண்டிப்பானது! ஆயினும் பிழை டைப்பில் இடம்பெறாமையின், விட்ட இடத்தில் விட்டதற்கு அடையாளமில்லை. அம்முடிவிற்குரிய காரணம் மூலநிரலிற் குறிக்கப்படவில்லையென விசாரணைக் குழுவினரும் எழுதினர்.

ரஸ்டிலும் தப்புவழி உண்டு. 'அன்ராப்' என்றெழுதினால், பிழை நேரின் நிரல் அங்கேயே நிற்கட்டும் என்பது பொருள். 2025 நவம்பர் 18-இல் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் வலையமைப்பு சில மணி நேரம் தடைப்பட்டதில் அத்தகையதோர் அன்ராப்பிற்கும் பங்குண்டு. ஆய்வுக்கூடத்தில் மணியடிக்குமுன் முடிக்கும் விரைவில் யாமும் அதனை வாரியிறைப்பவரே. எனினும் அச்சொல் ஏட்டில் நிற்கின்றது. பின்னர் வருவோர் தேடி எடுத்துக் கேள்வி கேட்கலாம். 'எக்ஸ்பெக்ட்' என்றெழுதினாலோ காரணத்தையும் அவ்வரியிலேயே சேர்த்தெழுதலாம்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கட்கு எமது விண்ணப்பம்: காரணமெழுதாத அன்ராப் ஒவ்வொன்றிற்கும் மதிப்பெண் குறைத்தருள்க. எமது மதிப்பெண்ணும் குறையுமென அறிந்தே கேட்கின்றோம்.