தண்ணி ஊத்தியே சாகடிக்கிற செடி

போன மாசம் சென்னையில மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். படுக்கையறையில நாலு தொட்டி பாம்புச் செடி, நீங்க ஸ்நேக் பிளான்ட்னு சொல்றது. ரெண்டு நல்லா நின்னுச்சு. ஒன்னு சாய்ஞ்சு கிடந்துச்சு. நாலாவதைத் தொட்டதும் இலை கையோடயே வந்துடுச்சு, அடிப்பக்கம் கூழாகி ஒரே நாத்தம். "தினமும் தண்ணி ஊத்தறேன்ப்பா, அப்படியும் வாடுது"ன்னா. அதனாலதான் கண்ணு வாடுதுன்னேன்.

இந்தச் செடியோட சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. ஆனா இதோட பங்காளி ஒன்னு நம்ம மண்ணுலயே இருக்கு. பேர் மருள். அதோட நாரைத்தான் அந்தக் காலத்துல வில்லுக்கு நாணா முறுக்கினாங்க. எங்க கொறங்காட்டுக் கிளுவை வேலி அடியில, யாரும் நடாம, யாரும் தண்ணி காட்டாம கிடந்துச்சு. கிடந்துச்சுன்னுதான் சொல்லணும். கம்பி வேலி போடறேன்னு ஜேசிபி விட்டு மொத்தத்தையும் வழிச்சு எறிஞ்சவன் நான்தான். அதோட பங்காளியை மகள் காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கறதைப் பார்த்தப்ப எனக்குச் சிரிப்பு வரல.

ஏன் வாங்கினேன்னு அவ சொன்ன காரணம்தான் என்னை இதை எழுத வெச்சது. பேத்திக்கு வீசிங் இருக்கு. இந்தச் செடி ராத்திரியில ஆக்சிஜன் விடும், காத்தைச் சுத்தம் பண்ணும்னு யாரோ சொல்லியிருக்காங்க. அதை நம்பி நாலு தொட்டியை வெச்சுட்டு ஜன்னலைச் சாத்தியே வெச்சிருக்கா.

இது வறண்ட காட்டுச் செடிங்க. பகல்ல துளையைத் திறந்தா ஈரம் போயிடும்னு ராத்திரியில திறந்து கரியமில வாயுவை உள்ள வாங்கி வெச்சுக்கும். கள்ளி, அன்னாசி எல்லாம் இதே ஜாதிதான். ஆனா ஆக்சிஜன் உண்டாகறதுக்கு வெளிச்சம் வேணும், அது பகல் வேலை. காத்தைச் சுத்தம் பண்ணுங்கற பேச்சு 1989-ல நாசா செஞ்ச ஆய்வுல இருந்து வருது. அது காத்து புகாம மூடின சின்னப் பெட்டிக்குள்ள நடந்தது. 2019-ல டிரெக்சல் பல்கலைக்கழகத்துக்காரங்க இந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. கட்டடத்துல சாதாரணமா வந்து போற காத்து செய்யற வேலையைச் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குக் குறைஞ்சது 10 செடி, கூடப்போனா 1000 வேணுமாம். பத்துக்குப் பத்து ரூமுக்கு, குறைச்ச கணக்குலயே 90 தொட்டிக்கு மேல. அப்புறம் பேத்தி எங்க படுப்பா?

அழகுக்கு வளர்க்கறதுன்னா தாராளமா வளருங்க, நல்ல செடி. மகள் வீட்டுத் தொட்டியைக் கவுத்துப் பார்த்தேன். நர்சரியில குடுத்த தென்னை நார்க்கழிவோட அப்படியே ஓட்டையில்லாத பீங்கான் ஜாடிக்குள்ள இறக்கி வெச்சிருக்கா. அடியில தண்ணி தேங்கி நிக்குது. இஞ்சி மாதிரி இருக்கிற கிழங்குல அழுகினதை வெட்டி எறிஞ்சு, மிச்சத்தை மூணு நாள் நிழல்ல காய வெச்சேன். செம்மண் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, மக்கின தொழுவுரம் அரைப் பங்கு, அடியில ஓட்டை போட்ட தொட்டி. நட்டு ஒரு வாரம் தண்ணியே காட்டக் கூடாது. அதுக்கப்புறமும் விரலை ரெண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தா சொம்பைக் கீழ வெச்சுடுங்க. கோடையில பத்துப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா, மழைக் காலத்துல மாசம் ஒருக்கா போதும். இருட்டு மூலையில சாகாது, வளரவும் வளராது. ஜன்னல் வெளிச்சம் நல்லது. மஞ்சக்கரை போட்ட ரகத்துல இலையை வெட்டி நட்டா வெறும் பச்சையாத்தான் முளைக்கும், கரை வேணும்னா கிழங்கைப் பிரிச்சு நடணும். நாய், பூனை வளர்க்கறவங்க எட்டாத உயரத்துல வைங்க, தின்னா வாந்தி எடுக்கும்.

கிளம்பற அன்னிக்கு ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சுக் குடுத்தேன். ரோட்டுத் தூசி வருதுன்னா. வண்டி ஓடாத விடியக்காலையிலயாவது திறந்து வை, டாக்டர் குடுத்த மருந்தை நிறுத்திடாதேன்னு சொன்னேன். வேலி மூலையில ஜேசிபி எட்டாத இடத்துல ஒரு புதர் மருள் இன்னும் இருக்கு, அடுத்த தடவை அதுல ஒரு கிழங்கு கொண்டாரேன்னேன்.

"கொண்டாப்பா. அதுக்குத் தினமும் எவ்வளவு தண்ணி ஊத்தணும்?"னு கேட்கறா.