கிணறு உள்ள காணி

யாழ்ப்பாணத்துக் காணி விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். "நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு" என்று ஒரு வரி இருந்தால் விலை கூடிவிடும். எங்கள் ஆலங்குடிப் பக்கமும் அப்படித்தான். கிணறு இல்லாத கொல்லையை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இங்கே, புரோசார்டில், "காணிக்குள்ள ஒரு கிணறு இருக்காம் அண்ணை" என்று முகம் செத்துப்போய் என் வீட்டுக் கதவைத் தட்டினார் ஒரு நண்பர்.

அவர் வடமராட்சிக்காரர். டாஷெரோ சாலையில் இருபது வருடமாகக் கடை நடத்துகிறார். ஆட்டு இறைச்சிக்கு நம் சனத்திடம் இருக்கும் கிராக்கி அவருக்கு நன்றாகத் தெரியும். ரிஷ்லியூ ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பது ஏக்கர் வாங்கி ஆட்டுப் பண்ணை போடுவது அவருடைய நெடுநாள் கனவு. விலை பேசியாயிற்று, வங்கியும் தலையாட்டிவிட்டது. பத்திரம் முடிக்கும் நோட்டரிதான் பழைய ஆவணங்களைப் புரட்டும்போது கண்டுபிடித்திருக்கிறார். 1970களில் யாரோ எரிவாயு தேடித் துளைத்த கிணறு ஒன்று அந்த நிலத்தின் மூலையில் இருக்கிறது. "மூடப்பட்டது" என்று ஒரு சொல். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"காணி என்ர பேரில எழுதினா கீழ இருக்கிறதும் எங்கடதானே? காஸ் வந்தா காசுதானே?" என்றார். பாதி பகிடி, பாதி ஆசை.

இல்லை தம்பி. கியூபெக்கில் நிலத்தடி எண்ணெயும் எரிவாயுவும் அரசின் சொத்து. நமக்கு மேல்மண் மட்டும்தான். தமிழ்நாட்டிலும் நடைமுறையில் அதே கதைதான். பெட்ரோலியம் எடுக்கிற உரிமையை அரசு கம்பெனிக்குக் கொடுக்கும், விவசாயிக்கு நிலத்து வாடகையும் பயிர் நஷ்டஈடும் கிடைக்கும். நிலத்துக்காரனுக்கே கீழே உள்ளதும் சொந்தம் என்கிற வழக்கம் பரவலாக இருப்பது அமெரிக்காவில். அங்கேயும் மேல்மண்ணை ஒருவருக்கும் கனிம உரிமையை இன்னொருவருக்கும் பிரித்து விற்றிருப்பார்கள். டெக்சாஸில் வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கு இது பத்திரம் முடித்த பிறகுதான் தெரியவருகிறது.

கியூபெக்கில் எரிவாயுக் கிணறா என்று சிலர் வியக்கலாம். காஸ்பே பக்கம் 1860களிலேயே எண்ணெய் தேடித் துளைத்திருக்கிறார்கள். துருவா-ரிவியேர் அருகே பொயின்ட்-டு-லாக்கில் 1965 முதல் 1976 வரை எரிவாயு எடுத்தார்கள். தீர்ந்ததும் அதே மண்ணடுக்கை எரிவாயுச் சேமிப்புக் கிடங்காக மாற்றிவிட்டார்கள். பெரிய பரபரப்பு 2008இல் வந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் இரு கரையிலும் உள்ள யூட்டிகா களிப்பாறையில் எரிவாயு கொட்டிக் கிடக்கிறது என்று கம்பெனிகள் அனுமதி வாங்கிக் குவித்தன. அந்த அனுமதிக்கு அரசு வாங்கிய கட்டணம் ஆரம்ப வருடங்களில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 சதம். ஆமாம், பத்தே சதம். நம்ம ஊர்க் கோயில் நிலக் குத்தகைகூட இதைவிட மேல்.

2010இல் பொதுவிசாரணை நடந்தது. அப்போது அரசு ஆய்வாளர்கள் 31 கிணறுகளைச் சோதித்தார்கள். 19இல் எரிவாயு கசிந்தது. எல்லாம் புதுக் கிணறுகள், சில வருட வயதுகூட ஆகாதவை. ரிஷ்லியூ ஓரத்து விவசாயிகள் அசரவில்லை. என் நிலத்துக்குள் கால் வைக்காதே என்று கடிதம் அச்சடித்து, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்தது. கீழே உள்ளது எங்களுடையது அல்ல, ஆனால் வாசல் எங்களுடையது என்பதுதான் அவர்கள் பிடித்த பிடி. கடைசியில் 2022 ஏப்ரலில் எண்ணெய், எரிவாயுத் தேடலையும் எடுப்பையும் முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் நிறைவேறியது. அந்த ஆகஸ்டில் அனுமதிகள் ரத்தாயின. கிணறுகளை மூடி நிலத்தைப் பழையபடி ஆக்கவேண்டும் என்றது சட்டம். நஷ்டஈட்டுக்கு அரசு ஒதுக்கியது 10 கோடி டாலர். மூடும் செலவில் 75 சதவீதம் பொதுப் பணம். அப்படியும் சில கம்பெனிகள் போதாதென்று நீதிமன்றம் போயின.

சட்டத்தை நான் வரவேற்றவன். ஆனால் அந்த 75 சதவீதம் எனக்கு இன்றுவரை தொண்டையில் இறங்கவில்லை. துளைக்கும்போது லாபம் உனக்கு, மூடும்போது முக்கால் பங்கு எனக்கா? அரசே அனுமதி கொடுத்துவிட்டு அரசே பிடுங்கினால் ஈடு கொடுக்கத்தான் வேண்டும் என்கிற வாதம் புரிகிறது. ஆனால் கிணறு என்றாவது ஒருநாள் மூடப்பட வேண்டியதுதான், தடை வந்தாலும் வராவிட்டாலும். அந்தச் செலவு தடையால் வந்ததல்ல.

பழைய கிணற்றின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கிணறு என்பது பூமிக்குள் இறக்கிய இரும்புக் குழாயும், அதைச் சுற்றி ஊற்றிய சிமெண்டும். இரும்பு துருப்பிடிக்கும், சிமெண்ட் விரிசல் விடும். சரியாக மூட, அடியிலிருந்து மேல்வரை அடைப்பு வைத்து, குழாயை நிலமட்டத்துக்குக் கீழே வெட்டி, மண்ணைத் திருத்தித் தரவேண்டும். செலவு பிடிக்கிற வேலை. வருமானம் குறைய ஆரம்பித்ததும் பெரிய கம்பெனி கிணற்றைச் சின்னக் கம்பெனிக்குத் தள்ளிவிடும். சின்னது இன்னும் சின்னதுக்கு. கடைசியில் கையில் வைத்திருப்பவன் திவாலாகிவிடுவான்.

ஆல்பர்ட்டாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிய கதை. அங்கே கிணற்றுக்கு இடம் தர மாட்டேன் என்று விவசாயி மறுத்தாலும், தீர்ப்பாயம் கம்பெனிக்கு நுழைய உத்தரவு கொடுத்துவிடும். வருடாந்தர வாடகை வரும். கம்பெனி கட்டாமல் விட்டால் விவசாயி தீர்ப்பாயத்துக்கு மனுப் போட்டு அரசிடமிருந்து வாங்க வேண்டும். திவாலான கம்பெனியின் சொத்தில் முதல் உரிமை வங்கிக்கா, கிணற்றை மூடும் கடமைக்கா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஜனவரி 31 அன்று ரெட்வாட்டர் தீர்ப்பு வந்தது. கடமைதான் முதலில் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் மறுவருடமே, கொரோனா காலத்தில், மேற்கு மாகாணங்களின் பழைய கிணறுகளுக்காக ஒட்டாவா 170 கோடி டாலர் எடுத்துவைக்க வேண்டிவந்தது. அமெரிக்காவிலும் 2021இல் அநாதைக் கிணறுகளுக்கென்று 470 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அமெரிக்கக் குத்தகையில் இன்னொரு கொக்கியும் உண்டு. "உற்பத்தி இருக்கும்வரை குத்தகை செல்லும்" என்று ஒரு வரி இருக்கும். தினமும் சொட்டுச் சொட்டாக வந்தாலும் உற்பத்திதானே? பாட்டன் போட்ட கையெழுத்தில் பேரனின் நிலம் கட்டுண்டு கிடக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கக் கதைக்கு வருகிறேன். நெடுவாசல் என்றதும் 2017இன் போராட்டம்தான் எல்லோருக்கும் ஞாபகம். ஆனால் அது சின்னக் கிணறுகளின் கதை என்பது பலருக்குத் தெரியாது. அரசு நிறுவனங்கள் முன்பே கண்டுபிடித்து, அளவு சிறிது, கட்டுப்படியாகாது என்று போட்டுவைத்திருந்த வயல்களைத் தனியாருக்கு ஏலம் விடுவதுதான் அந்தத் திட்டம். 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை 31 ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் நெடுவாசலும் ஒன்று. நல்லாண்டார்கொல்லை, வடகாடு, கோட்டைக்காடு என்று சுற்றுவட்டாரத்தில் ஓ.என்.ஜி.சி. அதற்கு முன்பே துளைத்த கிணறுகள் இருந்தன. பலாவும் தென்னையும் கடலையும் விளைகிற செம்மண் பூமி அது. பல வருடமாகச் சும்மா கிடந்த குழாயைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த சனம், மறுநாளே பந்தல் போட்டு உட்கார்ந்தது.

2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. புதிதாகத் துளைக்கத் தடை. ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலைகளை அது தொடவில்லை. ஆக, பழைய கிணறு பழைய கிணறாகவே இருக்கிறது.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. ஊரில் நிலம் நம் பேரிலும் அண்ணன் தம்பி பேரிலும் கூட்டாகக் கிடக்கிறது. "ஒரு பவர் மட்டும் எழுதி அனுப்பு, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று போன் வரும். நாமும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தூதரகத்தில் முத்திரை குத்தி அனுப்பிவிடுவோம். நானே ஒருமுறை அப்படி அனுப்பியவன்தான். அதில் குத்தகைக்கு விடும் அதிகாரமும் சேர்ந்தே போகிறது. எரிவாயுவோ, கிரானைட்டோ, மணலோ, எதற்கென்று யாருக்குத் தெரியும்? எத்தனை வருடம், நின்றுபோனால் யார் மூடுவது, மூடும் பணம் எங்கே கட்டப்பட்டிருக்கிறது. இந்த மூன்றையும் எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது ஊரில் இருக்கிற பங்காளிக்குச் செய்கிற துரோகம். அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது அவன், நாமல்ல.

துளைக்கும் முன்பே முழுச் செலவையும் அரசிடம் கட்டிவிட்டுத்தான் துளைக்க வேண்டும் என்று எல்லா நாட்டிலும் சட்டம் வேண்டும் என்பது என் கட்சி. அப்படிக் கேட்டால் யாரும் துளைக்கவே வரமாட்டார்கள் என்கிறார்கள். வராவிட்டால் அது கட்டுப்படியாகாத கிணறு என்றுதானே அர்த்தம்?

நண்பருக்கு வருவோம். கியூபெக் அரசின் எண்ணெய், எரிவாயுத் தகவல் தளத்தில் பழைய கிணறுகளின் விவரம் பொதுவில் கிடைக்கிறது. இருவரும் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, பிரெஞ்சு அகராதியோடு மல்லுக்கட்டி, அந்தக் கிணற்றைத் தேடிப் பிடித்தோம். ஆழமும் மூடிய வருடமும் இருந்தன. விற்பவர் தன் செலவில் கசிவுச் சோதனை செய்து அறிக்கை தரவேண்டும், அதுவரை பத்திரம் இல்லை என்று நோட்டரி மூலம் எழுதியிருக்கிறார். விற்பவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேற்றுக் கடைக்குப் போனபோது, "சோதினை சரியா வந்தாலும் அந்த மூலையில ஆடு கட்டமாட்டன் அண்ணை" என்றார், கறியை நிறுத்துக்கொண்டே.