புழுக்கத்தில் ஓடுகிறவர்களுக்கு
மே மாதத்தில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கே மாரத்தான் பயிற்சி களைகட்டிவிடுகிறது. வெயில் இல்லைதான், ஆனால் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். ஓடி நிற்பவரின் பனியன் நுனியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுவதைப் பாருங்கள். அப்படிச் சொட்டிப் போகும் வியர்வையால் பயனில்லை. ஆவியானால்தான் உடம்பு குளிரும். இந்தப் புழுக்கத்துக்கு உடம்பு பழகவே 10 முதல் 14 நாள் பிடிக்கும். ஜனவரியில் ஓடிய வேகத்தையே இப்போதும் கைக்கடிகாரத்தில் தேடி, முகம் வெளிறியும் நிற்காத இளைஞர்களைக் கண்டால் மனம் பதறுகிறது. 2019-இல் தோகாவில் புழுக்கமான நள்ளிரவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் மகளிர் மாரத்தானில், புறப்பட்ட 68 பேரில் 28 பேர் பாதியிலேயே விலகினார்கள். எல்லோரும் தேர்ந்த வீராங்கனைகள். மெதுவாகவே ஓடுங்கள், தம்பிகளே. தலை சுற்றினால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள்.