கத்துக்குட்டி



ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் பயோடேட்டாவோடு ஓசூர் சிப்காட் வாசல்களில் நிற்கிறார்கள். ஊத்தங்கரை, அரூர், திருப்பத்தூர் பக்கமிருந்து வந்து, நாலு பேராகச் சேர்ந்து அறை எடுத்து, முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறார்கள். அடையாள அட்டைக்கு முன்பே அவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது: கத்துக்குட்டி.

எழுத்தில் அது கற்றுக்குட்டி. கிரிக்கெட் செய்திகளில் சின்ன அணிகளையெல்லாம் ‘கத்துக்குட்டி அணி’ என்று எழுதி எழுதிச் சொல்லில் இளக்காரம் ஏறிவிட்டது. எனக்கோ அதிலுள்ள ‘குட்டி’யை ரொம்பப் பிடிக்கும். வீட்டின் கடைசிப் பிள்ளையைக் கொஞ்சும் சொல் அது. குட்டி என்று கூப்பிட்டாலே, நாளை வளர்ந்து நிற்கும் என்று ஒப்புக்கொண்டதாகிறது. ஆங்கிலத்தில் புதியவரைக் குறிக்கும் ‘கிரீன்ஹார்ன்’ கூட, முதலில் கொம்பு முற்றாத இளம் மாட்டைச் சொன்னதுதான்.

பக்கத்து மெஷின்காரர் கன்னடம் பேசுபவரானால் ‘ஹொசபா’ என்பார். தெலுங்கு பேசுபவர் ‘கொத்தவாடு’ என்பார். ஹொசபாவில் இருக்கும் ‘ஹொச’ நமக்கு உறவுதான். நம் பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து. அப்படியே பழங்கன்னடத்தின் ‘பொச’ ‘ஹொச’ ஆயிற்று. அதற்கும் நம் ‘புது’வுக்கும் வேர் ஒன்றே. அந்த ஹொசவோடு ஊர் சேர்ந்ததுதான் ஓசூர். புதிதாக வந்தவரைக் குறிக்கும் சொல்லும் ஊரின் பெயரும் இங்கே ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன.

இந்த ஊரின் தொழில் வளர்ந்ததும் புதியவர்களை நம்பித்தான். 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே கடிகாரம் செய்ய வந்த டைட்டன், பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பழக்கியது. கடிகாரத்தின் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தே இராத கைகள், ஊசிமுனை அளவு பாகங்களைப் பொருத்தக் கற்றுக்கொண்டன. இன்று எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கும் பர்கூர், போச்சம்பள்ளி பக்கத்து ஆலைகளுக்கும் பெரும் எண்ணிக்கையில் பெண்கள் வருகிறார்கள். கத்துக்குட்டி என்ற சொல்லில் ஆண், பெண் பேதமில்லை என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

மனதை உறுத்தும் சொல் வேறொன்று: ட்ரெயினி. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், பழகுநரைத் தொழிலாளியாகக் கொள்வதில்லை. பயிற்சி பெறுபவர் என்றே சொல்கிறது. அவருக்குச் சம்பளமில்லை, உதவித்தொகைதான். கற்கும் காலத்துக்கு அது பொருந்தும். வேலை முழுக்கக் கைவந்து, லைனில் மற்றவர்களுக்குச் சமமாக நிற்பவரையும் வருடக்கணக்கில் ட்ரெயினி என்றே எங்காவது வைத்திருந்தால், அது அநியாயம்.

உங்கள் ஷாப்பில் முதல் வாரம் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள்? ‘இப்படிப் பிடிடா தம்பி’ என்று ஸ்பேனரைக் கையில் திருத்தி வைத்த அண்ணன் யார், பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த அக்கா யார்? தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ, எந்தச் சொல்லானாலும் சரி, எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்