அங்க போய் மாத்திக்கலாம்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் கதவோரம் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் படிப்பது பத்திக்காரருக்கு நெடுநாள் பழக்கம். மூலம், பவுத்திரம், உடனடிக் கடன், சிப்காட்டில் பேக்கிங் வேலை, தங்குமிடம் இலவசம். இந்த வாரம் அந்த வரிசையில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை. எந்த டிகிரியும் போதும். மாதம் லட்சத்துக்கு மேல். விசா பிரச்சினை இல்லை. மேலே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்துத் தலைப்பு, கீழே ஒரு செல் நம்பர், நடுவே உலக உருண்டையைச் சுற்றும் விமானம்.

'விசா பிரச்சினை இல்லை' என்ற மூன்று சொல்தான் அவருக்கு எரிச்சல் கிளப்பியது.

மறுநாளே அந்த நோட்டீஸை நம்பிய ஒருவரைப் பார்க்கக் கிடைத்தது. ஜி.என்.டி. ரோட்டில் அவர் வழக்கமாகப் போகும் ஜெராக்ஸ் கடை. எம்.ஏ., பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கும் பெண், பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து, "அண்ணா, எல்லாத்தையும் கலர்ல எடுங்க, பாஸ்போர்ட்டு ரெண்டு காப்பி" என்றார். ஃபைலில் இருந்த டிகிரி சர்டிபிகேட் பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டிருந்தது.

இங்கே பத்திக்காரர் கொஞ்சம் நின்றாக வேண்டும். லேமினேஷனைப் பற்றி அவர் புலம்புவது இது மூன்றாவது தடவை. பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பட்டம் வாங்கியதும் அதைக் கண்ணாடிக் காகிதத்துக்குள் போட்டு நாலு பக்கமும் ஒட்டுவது நம் வீடுகளில் ஒரு சடங்கு. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது அதே சர்டிபிகேட்டை முதலில் மாநில அரசும் பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகமும் சரிபார்த்து, அசலின் மேலேயே முத்திரை வைக்க வேண்டும். அமீரகம் போன்ற நாடாக இருந்தால் அதற்குமேல் தூதரக முத்திரையும் வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் எந்த அதிகாரி சீல் குத்துவார்? பிரிக்கப் போனால் பல்கலைக்கழகத்தின் எழுத்தும் கூடவே உரிந்து வரும். அப்புறம் நகல் பட்டத்துக்கு விண்ணப்பம், பணம், அலைச்சல். இதைச் சொன்னதும் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடை போர்டில் பாதி இடம் லேமினேஷனுக்குத்தான்.

"இதெல்லாம் கேக்கவே இல்ல சார். டூரிஸ்டா போனாப் போதுமாம். அங்க போய் மாத்திக்கலாம்னு சொன்னாங்க."

அங்க போய் மாத்திக்கலாம். சட்டை அளவு சரியில்லை என்றால் மாற்றிக்கொள்வது போல எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்! 2024 ஜூலை 15 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து அறிவித்தது. நோட்டீஸ்காரர் அடித்துவிடுவது அதைத்தான். ஆனால் அந்தச் சலுகை ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. வகுப்பெடுக்க வேண்டுமென்றால் 'நான்-இமிகிரன்ட் பி' என்ற விசா, தொழிலாளர் துறையின் ஒர்க் பர்மிட், அதற்குமேல் ஆசிரியர் பேரவையின் உரிமம் அல்லது தற்காலிக விலக்கு. அந்தப் பேரவைக்குப் பெயர் குருசபா. நம் பக்கத்துப் பஜனை மடம் மாதிரி ஒலிக்கிறது, கெடுபிடி என்னவோ அசல் அரசாங்கம். பர்மிட் இல்லாமல் பாடம் நடத்திப் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம் கட்டிவிட்டு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். தங்கும் கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாட் வீதம் 20,000 வரை ஏறும்.

ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வினை. பள்ளிக்கூடம் ஒழுங்காகத் தாள்களைக் கொடுத்தால் அங்கிருந்தபடியே விசாவை மாற்ற வழி உண்டு. கொடுப்பதா, இழுத்தடிப்பதா என்பது பள்ளி நிர்வாகத்தின் இஷ்டம். அதுவரை சம்பளத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது. திறந்தால் முதலில் குற்றவாளி ஆகிறவர் டீச்சர்தான்.

வேலைக்கு என்று தாய்லாந்து போய்ச் சேர்ந்த நம் பையன்களின் கதை ஊருக்கே தெரியும். 2022-இல் ஐ.டி. வேலை என்று பாங்காக்குக்கு வரவழைத்து, அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். சுமார் 300 இந்தியர்கள் சிக்கியிருக்கிறார்கள், அதில் ஏறக்குறைய 50 பேர் தமிழர்கள் என்று அந்த செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் முதல் வாரத்தில் 13 தமிழர்கள் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் ஏற்றிவர வேண்டியிருந்தது. ஏமாந்தவர்களில் பலர் படித்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள்.

படித்தவர் ஏமாறுவதற்குச் சட்டத்திலேயே ஒரு சந்து இருக்கிறது. சிப்காட் உருட்டாலையில் கம்பி இழுக்கும், பத்தாவது தாண்டாத ஒருவர் சவூதிக்கு வேலைக்குப் போனால், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவருடைய ஒப்பந்தத்தை அரசு பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு எடுக்க வேண்டும். அந்தக் கட்டாயம் உள்ள 18 நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. ஆனால் எம்.ஏ., பி.எட். பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. படித்தவர், தானே பார்த்துக்கொள்வார் என்று எண்ணம். உரிமம் பெற்ற ஏஜென்ட் என்றால் பதிவெண் இருக்கும். இ-மைக்ரேட் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. பத்திக்காரர் சொன்னபடி அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் பதிவெண் கேட்டார். கடையில் இருக்கும்போதே பதில் வந்தது. வந்தது ஏஜென்ட்டின் ஜி.எஸ்.டி. நம்பர்.

சந்தேகம் வந்தால் கேட்பதற்குச் சென்னையில் ஓர் அலுவலகம் உண்டு என்று சொல்ல வாயெடுத்தவருக்கு, அதன் முழுப்பெயர் நினைவுக்கு வந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம். அயலகத் தமிழர் என்றால் இங்கிருந்து போனவர்கள். மறுவாழ்வு என்றால் இலங்கையிலிருந்து இங்கே வந்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கூரை. வந்தவர்களின் பெரிய முகாம்களில் ஒன்று அதே கும்மிடிப்பூண்டியில், 1990-லிருந்து இருக்கிறது.

முகாமில் டிகிரி முடித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முடித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. அவர்களுடைய அப்பாக்களும் அதே வேலைக்குத்தான் போனார்கள். அரசு வேலைக்கு மனுப்போடக் குடியுரிமை வேண்டும். வெளிநாட்டுக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டும். குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒருவர் அதைச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 தேர்தலில் வாக்கும் போட்டார். கும்மிடிப்பூண்டி முகாமோ 1990-இல் வந்தது. அங்கே பிறந்தவர்கள், தாய் தந்தையில் ஒருவராவது இந்தியராக இருந்தாலொழிய, அந்தச் சட்டக் கதவுக்குள் நுழையவே முடியாது.

இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கலாம் என்பார்கள். வாங்கினாலும் அதில் இந்தியாவுக்குள் நுழைந்த முத்திரை இருக்காது. எப்படி இருக்கும்? அவர் எங்கிருந்தும் வரவில்லை, இங்கே பிறந்தவர். 2019-இன் குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்திருப்பவர்களைத் தாள் இல்லாததற்காகத் தண்டிக்க மாட்டோம் என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. தண்டனை இல்லை என்றார்கள். பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாநில அரசு 2021-இல் அகதி என்ற சொல்லை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது.

விசாவில் ஏமாறுவதற்குக்கூட முதலில் ஒரு பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அதே ஜெராக்ஸ் கடைக்கு முகாமிலிருந்து ஒருவர் வந்திருந்தார். முப்பதைத் தாண்டியவர், பி.ஏ. ஆங்கிலம், பி.எட். பகலில் பெயின்டிங், ராத்திரி முகாம் பிள்ளைகளுக்கு டியூஷன். நகக்கண்ணில் வெள்ளை பிரைமர் காயாமல் இருந்தது. முகாம் அடையாள அட்டை ஓரம் கிழிந்துவிட்டதால் லேமினேட் செய்யக் கொடுத்தார். மெஷினுக்குள் அட்டை நுழைவதைப் பத்திக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சு எப்படியோ நோட்டீஸுக்கு வந்தது. அந்தப் பெண் பிரித்தெடுத்து வந்து கொடுத்திருந்ததைப் பத்திக்காரர் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, மேலே இருந்த ஆங்கிலத் தலைப்பை ஒரு தடவை படித்தார். பிறகு பிரைமர் ஒட்டிய விரலால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"டீச்சர்ஸ் ரிக்வயர்டு. இதுல கடைசி 'இ'ய விட்டுட்டாங்க சார்."

இரண்டு நாளாக அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டிய பத்திக்காரர் கண்ணில் அது படவே இல்லை. டீ சாப்பிடலாமா என்று கேட்டதற்கு, நாளைக்கு முகாமில் பதிவு, எல்லாரும் இருந்து கையெழுத்துப் போட வேண்டும், அதற்குள் டியூஷன் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, சூடு ஆறாத அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.