நாய்க்குட்டி வயிறும் நம் பாக்கெட்டும்

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டுக்கு ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ, லேப்ரடாரோ புதிதாக வந்தால் இரண்டு மூன்று நாளில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிடுவது சகஜம். உடனே ஆளுக்கொரு யோசனை. "பால் மட்டும் ஊத்துங்க" என்பார் ஒருவர். "ஃபாரின் தீனி மூட்டை வாங்குங்க, அதான் செட் ஆகும்" என்பார் இன்னொருவர். என் கருத்து, இரண்டுமே அவசியமில்லை. நம் ஊரில் மலிவாகக் கிடைப்பதே போதும். மிச்சமாகும் பணத்தைப் பூச்சி மருந்துக்கும் தடுப்பூசிக்கும் செலவழியுங்கள்.

முதலில் பால். நாய்ப்பாலில் கொழுப்பு சுமார் 9 சதவீதம், புரதம் 7 சதவீதத்துக்கு மேல், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 3 சதவீதத்தை ஒட்டி. பசும்பாலில் கொழுப்பு 4, புரதம் 3 சொச்சம், லாக்டோஸோ கிட்டத்தட்ட 5. அதாவது குட்டிக்கு வேண்டியது குறைவு, வேண்டாதது அதிகம்! தாய்ப்பால் மறந்த குட்டிக்கு லாக்டோஸைச் செரிக்கும் திறனும் குறைந்துகொண்டே வரும். செரிக்காத சர்க்கரை குடலில் நீரை இழுக்கும். பேதிக்குக் காரணம் பல நேரம் இவ்வளவுதான். பாலில் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுத்தால் மைதாவும் சீனியும் கூடச் சேரும். பால் பொருள் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கொஞ்சம் தயிர் அல்லது மோர் பரவாயில்லை. புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது.

"நாய் என்றால் ஓநாய் வம்சம், கறிதான் சாப்பிட வேண்டும், சோறு ஆகாது" என்று ஒரு கட்சி உண்டு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட மரபணு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிதான். நாய்களுக்கோ 4 முதல் 30 வரை இருக்கிறது. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து தானியம் தின்னப் பழகிய பிராணி அது. கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசல் காட்டில் கன்னியும் சிப்பிப்பாறையும் கம்மங்கூழ் குடித்து முயல் விரட்டியதை நம் தாத்தாக்கள் ஆய்வு இல்லாமலே பார்த்தவர்கள்தானே?

ஆகவே தாமிரபரணி பாயும் நன்செய்ப் பக்கம் சோறு, கரிசல் பக்கம் கம்பு. எதுவானாலும் குழைய வேக வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்காவது தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறியோ அவித்த முட்டையோ இருக்கட்டும். தூத்துக்குடியிலிருந்து வரும் சாளை மீன் மலிவான நாளில் அதை அவித்து முள் எடுத்துப் போடலாம். ஈரல் வாரத்துக்கு ஓரிரு தரம், சிறு துண்டு போதும். எண்ணெய், மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். ஒரே மூச்சில் வயிறு முட்டப் போடாமல் நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பழைய உணவிலிருந்து புதியதற்கு ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

வீட்டில் மீந்த சாம்பாரும் சொதியும் நாய்க்கு அல்ல. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். அல்வா ஆசையும் வேண்டாம். அவ்வளவு நெய் கணையத்தையே பதம் பார்த்துவிடலாம். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும்.

இந்த வீட்டுச் சாப்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கால்சியம்! சோற்றிலும் எலும்பில்லாத கறியிலும் அது மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு 1000 கலோரி உணவுக்கு சுமார் 3 கிராம் வேண்டும். இல்லாவிட்டால் கால் வளையும், எலும்பு எளிதில் முறியும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மாவாக அரைத்தால் அரை டீஸ்பூனில் சுமார் 1 கிராம் கால்சியம் கிடைக்கும். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் ஆபத்து. எனவே எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கெட் தீனிக்கு நான் எதிரி இல்லை. இந்தக் கணக்கெல்லாம் போட நேரமில்லாதவர்களுக்கு அது வசதிதான். வாங்கினால் 'குட்டிகளுக்கு' என்று போட்டிருக்கிறதா, புரதம் 22 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விலையும் வெளிநாட்டுப் பெயரும் சத்துக்கு அத்தாட்சி இல்லை.

கடைசியாக, எல்லா வயிற்றுப்போக்கும் சாப்பாட்டால் வருவதில்லை. உருண்டைப் புழு தாயின் கருவிலேயே குட்டிக்கு வந்துவிடும். இரண்டு வார வயதிலிருந்தே பூச்சி மருந்து தொடங்க வேண்டும். ரத்தம் கலந்த பேதி, வாந்தி, சோர்வு என்றால் பார்வோ வைரஸாக இருக்கலாம். அப்போது கஞ்சி, மோர் என்று பரிசோதனை செய்துகொண்டிருந்தால் குட்டி போய்விடும். ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயோ பக்கத்து கால்நடை மருத்துவமனைக்கோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை முறையாகத் தடுப்பூசி போட்டிருந்தால் பெரும்பாலும் அந்த ஓட்டமே தேவைப்படாது.

"தீனி மாத்தியும் நிக்கல" என்று சொல்லித் தெருவில் விடப்படும் குட்டிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதற்குத் தேவைப்பட்டது விலை உயர்ந்த மூட்டை அல்ல. ஒரு பிடி குழைந்த சோறு, ஒரு முட்டை, நேரத்துக்கு ஒரு ஊசி... அவ்வளவுதான்.